செயலாளரின் ஆண்டறிக்கை, 2020–21

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் சங்கத்தின் செயற்குழு ஆறு முறை கூடியது, ஆறும் ஜூமில். கொலு அவரவர் வீட்டோடு நின்றது. பொங்கலை மொட்டை மாடியில் முப்பது பேர் கொண்டாடினோம். குழந்தைகளுக்கான தமிழ் வகுப்பு நடக்கவில்லை.

மார்ச் 2020இல் மும்பையில் லோக்கல் ரயில் நின்றது, இரண்டு நாளில் ஊரடங்கும் வந்தது. மாட்டுங்காவிலிருந்து செம்பூருக்குப் பூ வரவில்லை. ஒரு முழம் மல்லிகைகூட இல்லாமல் சாமி படம் வெறிச்சென்று இருக்கிறது என்று மாமிகள் குறைபட்டுக்கொண்டார்கள். 'நாளொரு பூ' அப்படித்தான் பிறந்தது. கபிலர் பாடிய சங்க இலக்கியமான குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனம் காத்த தலைவியும் தோழியும் அருவியாடிவிட்டு, பூப்பறித்துப் பாறையில் குவிக்கிறார்கள். கபிலர் அங்கே 99 பூக்களை அடுக்குகிறார். சித்திரை ஒன்றாம் தேதி காந்தளில் தொடங்கி, நாளுக்கு ஒன்றாகப் படமும் பொருளும் வாட்ஸாப்பில் அனுப்பினேன். ஜூலை 21இல் புழகோடு முடித்தேன். ஒரு நாளும் தவறவில்லை.

"பூ கேட்டால் பாட்டு கொடுக்கிறார்" என்று ஓர் உறுப்பினர் குழுவிலேயே எழுதினார். இருக்கட்டும். சிந்துவாரம் வந்த அன்று, அது கருநொச்சி என்று சொல்லிவிட்டு, நொச்சியின் போர்க்கதையையும் சேர்த்தேன். கோட்டையை வளைத்தவன் உழிஞை சூடுவான்; உள்ளிருந்து மதில் காப்பவன் நொச்சி சூடுவான். அந்த வாரம் பி விங்குக்கு சீல் வைத்து, வாசலில் மூங்கில் கட்டியிருந்தார்கள். மூன்றாம் மாடி மாமி கேட்டார்: "அப்போ நாங்கதான் நொச்சியா?" மற்றவர்கள் கேட்டது ஆவி பிடிக்க நொச்சி இலை கிடைக்குமா என்று.

தனிமையில் இருந்தவர்களுக்கு என் வீட்டுப் பழைய தீபாவளி மலர்களைப் பையில் போட்டு கிரில் கதவில் மாட்டினோம். கதையைவிடத் துணுக்குக்குத்தான் கிராக்கி. திரும்பி வந்ததை மூன்று நாள் பால்கனியில் காயவைத்து அடுத்த வீட்டுக்கு அனுப்பினோம். பதினொரு மலர்கள் இன்னும் வரவில்லை. யாரிடம் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும், பெயர் சொல்லவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு உண்டு, போன ஆண்டைவிடக் குறைவு. பூவுக்குச் சங்கப் பணம் ஒரு பைசா செலவாகவில்லை. சந்தா பாதிப் பேரிடம் பாக்கி. வெளியே வர முடியாதபோது எப்படிக் கட்டுவது என்கிறார்கள். அதே போனில்தான் பாலும் காய்கறியும் வாங்கினார்கள்.

மாடி தந்த சொசைட்டிக்கும், பை சுமந்த வாட்ச்மேனுக்கும், ஜூமில் கேமராவை அணைத்துவிட்டேனும் கலந்துகொண்டவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இப்பொறுப்பை இளையவர் ஒருவர் ஏற்றால் மகிழ்ச்சியாக ஒப்படைப்பேன். இன்று மாலைவரை யாரும் பெயர் தரவில்லை. வெட்சி முதல் வாகை வரை போர்ப்பூக்களைத் தனித் தொடராக எழுத எடுத்து வைத்திருக்கிறேன். திரும்பி வராத தீபாவளி மலர்களை வாட்ச்மேனிடம் கொடுத்தாலும் போதும்.

இங்ஙனம்,
செயலாளர்