வேரில் ஒட்டியிருந்த மண்ணைக் காட்டித் தந்தவர்களுக்கு நன்றி

பேரன்புடையீர், வணக்கம்.

முதுகுளத்தூர் வட்டாரத்தில் வானத்தை நம்பிப் புழுதியில் நெல் விதைக்கும் எங்களுக்கு, பயிர் தூர் கட்டும் நேரத்தில் மழை ஏமாற்றுவது புதிதன்று. சென்ற கார்த்திகையிலும் 18 நாள் ஒரு துளி விழவில்லை. கண்மாயில் மடைக்கு எட்டும் அளவுக்குத் தண்ணீரும் இல்லை. அப்படியிருந்தும், விதையோடு கலந்த உயிர் உரத்தின் துணையால் என் இரண்டரை ஏக்கர் நெல் கருகாமல் நின்று கதிர் விட்டது. அதற்குத் துணையிருந்தவர்களுக்கு என் நன்றியைத் தெரிவிக்கவே இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி வேளாண் அறிவியல் நிலையத்து அம்மையாருக்கு. அதற்கு முந்தைய ஆண்டு, ஒரு கடையில் வாங்கிய, பயிருக்கு உதவும் நுண்ணுயிர்கள் அடங்கிய உயிர் உரப் பொட்டலங்கள் காலாவதியானவை என்பதைக் கவனிக்காமல், அவற்றைப் பூஞ்சாணக்கொல்லியோடு ஒன்றாகக் கலந்து, வெயிலில் உலர்த்தியும் விதைத்துவிட்டு, இதனால் ஒரு பயனும் இல்லை என்று பலரிடம் சொல்லிவந்தேன். அம்மையார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அந்தக் கரிய தூளில் இருப்பவை உயிர்கள் என்பதையும், வெயிலும் மருந்தும் அவற்றைக் கொன்றுவிடும் என்பதையும் பொறுமையாக விளக்கி, மருந்து கலந்த விதையானால் ஒரு நாள் கழித்தே நுண்ணுயிரைக் கலக்க வேண்டும் என்றார்.

அசோஸ்பைரில்லம் என்னும் பாக்டீரியா காற்றிலுள்ள தழைச்சத்தைப் (நைட்ரஜனைப்) பயிருக்குச் சேர்க்கும் என்பது மட்டுமே எனக்குத் தெரிந்திருந்தது. அது வளர்ச்சி ஊக்கியைச் சுரந்து பக்க வேர்களைப் பெருக்குவதையும், பாஸ்போபாக்டீரியா என்னும் மற்றொரு வகை அமிலங்களைச் சுரந்து மண்ணில் கட்டுண்டு கிடக்கும் மணிச்சத்தைக் (பாஸ்பரஸைக்) கரைத்துக் கொடுப்பதையும் அவரிடம்தான் கற்றேன். வறட்சியில் பயிர் எத்திலீன் என்னும் வாயுவை மிகுதியாக உண்டாக்கித் தன் வேர் வளர்ச்சியைத் தானே முடக்கிக்கொள்ளுமாம். வேரடியில் வாழும் சில பாக்டீரியாக்கள் அந்த வாயு உருவாவதற்கான மூலப்பொருளையே சிதைத்து உணவாக்கிக்கொள்வதால், வேர் தொடர்ந்து ஈரத்தைத் தேடிப் போக முடிகிறது. இதைக் கேட்ட அன்று எனக்கு உண்டான வியப்பு இன்னும் அடங்கவில்லை.

அடுத்து, விதைக்குமுன் நெல்லோடு உயிர் உரத்தைக் கலக்கும் விதைநேர்த்தியைச் செய்து தந்த எங்கள் ஊர் அக்காமாருக்கு நன்றி. வேப்பமர நிழலில் சாக்கை விரித்து, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா இரண்டிலும் 600 கிராம் வீதம் அரிசிக் கஞ்சியில் கரைத்து, ஒவ்வொரு நெல்மணியிலும் கருமை படியும்வரை கையாலேயே புரட்டினார்கள். கஞ்சி நன்றாக ஆறுமுன் தூளைக் கொட்டப்போன என் கையை மூத்த அக்கா ஒருவர் பிடித்து நிறுத்தினார். அன்று அவர் தடுத்திராவிட்டால் சூட்டில் நுண்ணுயிர்கள் மடிந்து பாதி உழைப்பு வீணாகியிருக்கும். அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி அன்றே விதைத்தோம். வயலில் நுண்ணுயிரோடு கலந்து தூவுவதற்குத் தொழு உரம் தந்த பக்கத்து வயல் மாமாவுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

மழையின்றிப் பன்னிரண்டாம் நாள் உதவி வேளாண்மை அலுவலர் வயலுக்கே வந்தார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக விதைநேர்த்தி செய்யாமல் விட்டிருந்த கரையோரப் பகுதியில் ஒரு பயிரையும், நடுவயலில் ஒரு பயிரையும் மண்வெட்டியால் தோண்டி எடுத்து மெல்ல உதறினார். முதல் பயிரின் வேர் வெள்ளை நூலாகத் தனித்துத் தொங்கியது. மற்றதன் வேரை மண் உறைபோல் பற்றியிருந்தது, தொட்டால் விரலில் குளிர்ச்சி பட்டது. பாக்டீரியாக்கள் சுரக்கும் பசைதான் மண்துகளை வேரோடு ஒட்டவைத்து ஈரத்தைக் காக்கிறது என்றார். இலையின் மேல் வாழும் இளஞ்சிவப்பு மெத்தைலோபாக்டீரியாவை லிட்டருக்கு 10 மில்லி கலந்து மாலையில் தெளிக்கச் சொன்னவரும் அவரே. மழை இன்னும் பத்து நாள் தள்ளிப்போனால் எந்த நுண்ணுயிரும் காப்பாற்றாது என்பதையும் மறைக்காமல் சொன்னார். அந்த நேர்மைக்காகவே அவரை இன்னும் அதிகமாக மதிக்கிறேன்.

வரும் பட்டத்திலும் விதைநேர்த்தி அதே வேப்பமரத்தடியில் நடக்கும். செய்து பார்க்க விரும்பும் விவசாயிகள் தங்கள் விதையோடு வரலாம். விடியுமுன்பே கஞ்சியைக் காய்ச்சி ஆறவைத்திருப்பேன்.

நன்றியுடன்,
முதுகுளத்தூர் வட்டாரப் புழுதிநெல் விவசாயி