இவ்வாண்டு தீபாவளிக் கைவினைப் போட்டி நடைபெறாது: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்
5 அக்டோபர் 2026

மதிப்பிற்குரிய பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

ஒவ்வோர் ஆண்டும் தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கையில், கைவினைப் போட்டிக்கான அறிவிப்பு உங்கள் பிள்ளையின் புத்தகப்பையில் மடங்கிக் கசங்கி வீடு வந்து சேரும். இவ்வாண்டு அந்த அறிவிப்பு வராது. பாலர் பள்ளி முதல் ஆறாம் ஆண்டு வரை எந்த வகுப்புக்கும் தீபாவளிக் கைவினைப் போட்டியோ பலகாரக் கண்காட்சியோ நடைபெறாது என்பதையும், ஆசிரியர்களோடும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தோடும் கலந்து பேசியே இம்முடிவை எடுத்தோம் என்பதையும் முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருப்பதால், வேலை முடிந்து ஓய்வாக அமரும் நேரத்தில் இக்கடிதத்தைப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கடந்த ஆண்டுக் கண்காட்சியில், மண்டபத்தின் மூன்று மேசைகளில் மிக அழகான பொருள்கள் இருந்தன. கண்ணாடித் துண்டுகள் பதித்த விளக்குகளும், மயில் வடிவில் வெட்டப்பட்ட வாழ்த்து அட்டைகளும், கடையில் விற்பவற்றைப் போலவே பளபளத்த தோரணங்களும் இருந்தன. அவற்றுள் ஒரு விளக்கின் அருகில் நின்ற இரண்டாம் ஆண்டு மாணவியிடம், இந்த விளிம்பை எப்படி ஒட்டினாய் என்று கேட்டேன். அவள் சிறிதும் தயங்காமல், "தெரியாது டீச்சர், அம்மா செஞ்சாங்க, நான் தூங்கிட்டேன்" என்றாள். உண்மையைச் சொன்ன அந்தக் குழந்தையை நான் மெச்சினேன். ஆனால், நள்ளிரவு வரை விழித்திருந்து பசையும் கத்தரிக்கோலுமாகப் போராடிய அந்தத் தாயை நினைத்தபோது மனம் கனத்தது. மறுநாள் காலை ஆறரைக்கு அவர் தொழிற்சாலைப் பேருந்துக்குக் கிளம்ப வேண்டியவர். பரிசு வைத்ததும், அளவு குறித்ததும், 'அழகாக இருக்க வேண்டும்' என்று எழுதியனுப்பியதும் நாங்கள்தாம். ஆகவே பிழை எங்களுடையது. எந்தத் தாயையும் தந்தையையும் குறை கூற இதை எழுதவில்லை.

ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யூபிஎஸ்ஆர் அரசுத் தேர்வு 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்ட பிறகு, பிள்ளையின் முன்னேற்றத்தை எதைக் கொண்டு அறிவது என்ற கவலை பெற்றோர் பலருக்கு இருப்பதை நான் அறிவேன். அந்தக் கவலை மெல்ல மெல்லச் சான்றிதழ் சேர்க்கும் ஓட்டமாக மாறிவிட்டது. பள்ளியும் அந்த ஓட்டத்துக்குத் தூபம் போட்டிருக்கிறது. வீட்டுக் கூடத்தில் நிகழ வேண்டிய ஒன்றை மேசையில் அடுக்கி மதிப்பெண் போடத் தொடங்கியதும், பிள்ளையின் கை அதிலிருந்து விலகிப் பெரியவர்களின் கை உள்ளே வந்துவிட்டது.

போட்டிக்குப் பதிலாக ஒரே ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். நவம்பர் 8ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை தீபாவளி வருவதற்குள், உங்கள் வீட்டில் செய்யும் பலகாரத்திலோ அலங்காரத்திலோ ஏதேனும் ஒன்றைத் தொடக்கம் முதல் இறுதி வரை உங்கள் பிள்ளையின் கையால் செய்ய விடுங்கள். கோணலாக வந்தாலும் திருத்த வேண்டாம். படம் பிடித்து வகுப்புப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் பதிவேற்றவும் வேண்டாம். ஒருவர் படம் போட்டால் மற்றவர்களும் போட வேண்டிவரும், பிறகு பெயரில்லாத இன்னொரு போட்டி அங்கே தொடங்கிவிடும்.

எதைச் செய்வது என்று கேட்பவர்களுக்கு நெய்யுருண்டையை முதலில் பரிந்துரைப்பேன். பாசிப்பயற்றை வாசம் வரும் வரை வறுத்து அரைத்து, சீனியைப் பொடித்துக் கலந்து, ஏலக்காய் சேர்த்து, சூடான நெய்யை ஊற்றி உருட்டும் இந்தப் பலகாரத்தில், வறுப்பதும் நெய் ஊற்றுவதும் பெரியவர்களின் வேலை. சலிப்பதும் கலப்பதும் உருட்டுவதும் ஐந்து வயதுப் பிள்ளையாலும் முடியும். கை பொறுக்கும் சூட்டில் உருட்டினால்தான் மாவு பிடிக்கும், ஆறிவிட்டால் உதிர்ந்துவிடும், உதிர்ந்தால் இன்னும் சிறிது நெய்யைச் சூடாக்கி ஊற்றினால் மீண்டும் பிடிக்கும். 'பதம்' என்ற சொல்லை நாங்கள் வகுப்பில் எத்தனை முறை விளக்கினாலும், உள்ளங்கையில் உருண்டை உடைந்து மறுபடி சேரும்போது பிள்ளைக்கு விளங்குவதுபோல் விளங்கவைக்க எங்களால் இயலாது.

முறுக்கு சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு ஏற்றது. நான்கு பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு வறுத்த உளுந்து மாவு என்ற கணக்கைச் சொல்லி, மூன்று குவளை அரிசி மாவு மட்டும் இருந்தால் உளுந்து மாவு எவ்வளவு போட வேண்டும் என்று நான்காம் ஆண்டுப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். பின்னத்தைத் தாளில் கண்டு அஞ்சும் பிள்ளை, முக்கால் குவளையைத் தானே அளந்து கொட்டும். ஓமம் கசக்கிப் போடுவதையும், வெண்ணெய் சேர்த்துப் பிசைவதையும், எண்ணெய் தடவிய தட்டிலோ கரண்டியின் பின்புறத்திலோ பிழிவதையும் பிள்ளை செய்யலாம். அதை எண்ணெயில் இடுவதும் எடுப்பதும் கண்டிப்பாகப் பெரியவர்களின் பொறுப்பு. மாவுக்குள் சிக்கிய ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாதபோது பலகாரம் எண்ணெயிலேயே வெடிப்பதுண்டு. ஆகவே பிள்ளை அடுப்பிலிருந்து குறைந்தது இரண்டு எட்டுத் தள்ளியே நிற்கட்டும். அச்சு முறுக்குக்கும் இதே விதிதான். அதில் அச்சை எண்ணெயில் நன்கு சூடாக்கி, மாவில் முக்கால் அளவு மட்டுமே தோய்க்க வேண்டும்; மேல் விளிம்பு வரை தோய்த்தால் முறுக்கு கழன்று விழாது. அச்சில் ஒட்டிக்கொண்டு பிடிவாதம் பிடிக்கும் முதல் இரண்டு முறுக்குகள் பிள்ளைகளுக்குப் பெரும் வேடிக்கை.

பாதுகாப்பைப் பற்றி ஒரு சொல் அழுத்திச் சொல்ல வேண்டும். சூடுபட்டுவிட்டால் குழாய் நீரை ஓட விட்டு, அந்த இடத்தை இருபது நிமிடம் அதில் பிடித்திருங்கள். நம் வீடுகளில் இன்றும் கிச்சாப்பு (சோயா சாறு) ஊற்றுவதும் பற்பசை தடவுவதும் வழக்கத்தில் இருக்கின்றன; தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள். கொப்புளம் பெரிதாக இருந்தாலோ முகத்திலோ கையிலோ பட்டிருந்தாலோ உடனே கிளினிக்குக்குக் கொண்டு செல்லுங்கள். சட்டி எண்ணெய் தீப்பிடித்தால் ஒருபோதும் தண்ணீர் ஊற்றக் கூடாது. அடுப்பை அணைத்து மூடியால் மூடிவிட்டு, சட்டியை அசைக்காமல் விட்டுவிடுங்கள்.

எண்ணெய்ச் சட்டியே வேண்டாம் என்று நினைக்கும் வீடுகளுக்குக் கச்சான் (நிலக்கடலை) பிஸ்கட் இருக்கிறது. வறுத்துப் பொடித்த கச்சானும் கோதுமை மாவும் ஏறக்குறைய சம அளவில் எடுத்து, பொடித்த சீனி சேர்த்து, மாவு கையில் பிடிக்கும் வரை எண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றிப் பிசைந்து, உருட்டித் தட்டி, மேலே முட்டை மஞ்சள் கரு தடவி ஓவனில் வைத்தால் போதும். பேனா மூடியால் பிறை வடிவம் அழுத்தும் வேலைக்கு வீட்டில் சண்டையே நடக்கும். ஆனால் கச்சான் ஒவ்வாத பிள்ளைகள் இருக்கக்கூடும். பிஸ்கட்டை அண்டை வீட்டுக்குக் கொடுக்கும்போது, அதில் என்ன இருக்கிறது என்பதைப் பிள்ளையே வாய்திறந்து சொல்லும்படி பழக்குங்கள்.

சமையலறை வேண்டாம் என்பவர்கள் வாசலைத் தேர்ந்தெடுக்கலாம். ஏழு புள்ளியில் தொடங்கி, இடைப்புள்ளியாக ஆறு, ஐந்து, நான்கு என இருபுறமும் குறைந்துவரும் கோலத்தில் மொத்தம் எத்தனை புள்ளிகள் என்று ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையைக் கேளுங்கள். முப்பத்தேழு என்பது விடை. எண்ணாமல் கண்டுபிடித்தால் நான் கைதட்டுவேன். அரிசிக்குச் சாயம் போட்டு, பழைய நாளிதழில் பரப்பிக் காயவைப்பது முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு முழுச் சனிக்கிழமை வேலை. தென்னங்குருத்தில் தோரணம் பின்னத் தெரிந்த தாத்தாக்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் பிள்ளையை அனுப்புங்கள். ஹரி ராயாப் பெருநாளுக்குக் கெத்துப்பாட் என்னும் அரிசி உணவுக்கு ஓலைக் கூடு பின்னும் பக்கத்து வீட்டு மக்சிக்கிடமும் (மலாய் அம்மாவிடமும்) அனுப்பலாம். அதுவும் ஓலைதான், பின்னல்தான் வேறு. பணம் வைத்துக் கொடுப்பதாகச் சீனப் புத்தாண்டில் வந்த சிவப்பு உறைகளும் ஹரி ராயாவில் வந்த பச்சை உறைகளும் அலமாரியில் கிடந்தால், அவற்றை மடித்து வெட்டிக் கூண்டு விளக்கு செய்யலாம். செலவில்லாத இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. தந்தையர்களுக்கு ஒரு வார்த்தை: இவையெல்லாம் அம்மாவின் வேலை என்று ஒதுங்கிவிடாதீர்கள். முறுக்குக் குழலை அழுத்த வலுவான கை வேண்டும்.

சிலாங்கூரில் நாம் வாழும் இந்த ஊருக்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியும், பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறார்கள். நானும் ஒரு ரப்பர் தோட்டத்தின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவள். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, பால்மரம் சீவி முடித்து வந்த பெண்கள் ஒரு வீட்டு முற்றத்தில் கூடி, இன்று உங்கள் வீட்டு முறுக்கு, நாளை எங்கள் வீட்டு முறுக்கு என்று முறைவைத்துச் சுடுவார்கள். விறகு தள்ளுவதும், மாவைத் தேடி வரும் கோழியை விரட்டுவதும், சதுரப் பிஸ்கட் டின்களைத் துடைத்துக் காகிதம் விரிப்பதும் எங்கள் வேலை. எனக்கு ஏழு வயதிருக்கும்போது நான் உருட்டிய நெய்யுருண்டை ஒன்று எலுமிச்சை அளவில் வராமல் கிட்டத்தட்ட ஒரு பந்தளவு வந்துவிட்டது. பாட்டி அதைத் திருப்பி உருட்டச் சொல்லவில்லை. விருந்தினர் தட்டில் நடுவே வைத்தார். வந்தவர்கள் எல்லாரும் அதைப் பற்றிக் கேட்டார்கள், நானும் எல்லாருக்கும் பதில் சொன்னேன். அந்த லயங்கள் இன்று இல்லை. செம்பனை வந்துவிட்டது, நாம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு வந்துவிட்டோம், வாயிற்கதவுகளும் சாத்தியே இருக்கின்றன. பழைய நாள் திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்த விறகுப் புகையில் இருமிய பெண்கள் யாரும் அதைக் கேட்க மாட்டார்கள்.

எனக்குக் கவலையளிப்பது வேறொன்று. கடந்த ஆண்டு நான்காம் ஆண்டு மாணவர்களின் 'தீபாவளித் திருநாள்' கட்டுரைகளைப் படித்தேன். ஏறக்குறைய எல்லாரும் அதிகாலையில் எழுந்து, எண்ணெய் தேய்த்துக் குளித்து, புத்தாடை உடுத்தி, ஒரே சொற்களில் ஒரே வரிசையில் தீபாவளியைக் கொண்டாடியிருந்தார்கள். பலகாரத்தைப் பற்றி 'அம்மா சுவையான பலகாரங்கள் செய்தார்' என்ற ஒரு வரி மட்டுமே இருந்தது. வறுத்தல், வதக்குதல், பொரித்தல், அவித்தல், சுடுதல் என்று தமிழில் தனித்தனியாக இருக்கும் வினைகளுக்கெல்லாம் 'குக் பண்ணு' என்ற ஒன்றே அவர்களிடம் இருக்கிறது. இச்சொற்களை நாங்கள் பட்டியலாக எழுதிப் போடலாம்; பிள்ளைகளும் மனப்பாடம் செய்வார்கள். ஆனால் கட்டுரையில் அவை வருவதற்குப் பிள்ளையின் கையில் மாவு ஒட்டியிருக்க வேண்டும்.

பலகாரத்தை வெளியில் வாங்கும் வீடுகள் மனம் வருந்த வேண்டியதில்லை. இரண்டு வேளை வேலை பார்க்கும் வீட்டில் பத்து வகை சுடச் சொல்வது நியாயமன்று. மேலும் நம் வட்டாரத்தில் வீட்டிலிருந்தே முறுக்கு சுட்டு விற்கும் பெண்கள் பலரின் பிள்ளைகள் நம் பள்ளியில்தான் படிக்கிறார்கள். வாங்குவதை வாங்குங்கள், ஒன்றை மட்டும் பிள்ளைக்கென விட்டுவையுங்கள். அரை மணி நேரம் போதும். கிறிஸ்துவக் குடும்பங்கள் இதை டிசம்பருக்குத் தள்ளிவைத்துக்கொள்ளலாம்; அச்சு முறுக்கும் குல்குல் என்னும் இனிப்பும் அவர்கள் வீடுகளில் எப்படியும் உண்டு.

இவ்வாண்டு துக்கம் நேர்ந்ததால் தீபாவளி கொண்டாடாத வீடுகள் நம் பள்ளியில் சில உள்ளன. அவ்வீடுகளில் சட்டி வைக்க மாட்டார்கள் என்பது நாம் அறிந்த வழக்கம். அண்டை வீட்டார் பலகாரம் கொண்டுபோய்க் கொடுப்பதும் நம் வழக்கந்தான். உங்கள் பிள்ளை உருட்டிய கோணல் உருண்டைகளில் நான்கையாவது, பிள்ளையின் கையாலேயே அவ்வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். அவ்வீட்டுப் பிள்ளைகளுக்கு விருப்பமிருந்தால், பண்டிகையோடு தொடர்பில்லாத ஒரு காகித விளக்கையோ நன்றி அட்டையையோ செய்யலாம். செய்யாவிட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

இதற்கு வகுப்புசார் மதிப்பீட்டில் ஏதேனும் உண்டா என்று சிலர் கேட்கக்கூடும். இல்லை. விடுமுறைக்குப் பின் பள்ளி திறக்கும் முதல் நாள், முதல் இரண்டு பாடவேளைகளில் ஒவ்வொரு பிள்ளையும் தான் செய்ததை எப்படிச் செய்தது, எது உடைந்தது, எது கருகியது என்று வகுப்பில் வாய்மொழியாகச் சொல்லும். அதற்காகப் பொருளையோ படத்தையோ கொடுத்தனுப்ப வேண்டாம். மாணவர்கள் அன்று பென்சிலும் சாப்பாட்டு டப்பாவும் கொண்டுவந்தால் போதுமானது. பலகாரம் கொடுத்தனுப்பியே தீருவேன் என்பவர்கள், ஆசிரியர் அறைக்கு அனுப்பாமல், அதிகாலை முதல் வாயிலில் நிற்கும் நம் காவலரிடம் கொடுங்கள். ஆசிரியர்களுக்கு ஆண்டுதோறும் போதுமான அளவு கிடைத்துவிடுகிறது, அவர் தட்டுதான் காலியாக இருக்கிறது.

இக்கடிதத்தின் கீழுள்ள பகுதியில் கையொப்பமிட்டு, அக்டோபர் 9ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பித்துவிடுங்கள். உங்கள் பிள்ளைக்கு உணவு ஒவ்வாமை ஏதேனும் இருந்தால் அதையும் அப்பகுதியில் குறித்தனுப்புங்கள்.

இக்கண்,
தலைமையாசிரியர்