துள்ளுமாரி அறிக்கையில் நச்சு வகையையும் எழுதுங்கள்: கால்நடை நோயறி ஆய்வகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆய்வகப் பொறுப்பாளர்களுக்கு, வணக்கம்.

துள்ளுமாரி, அதாவது குடலில் கிருமி உண்டாக்கும் நச்சால் ஆடு திடீரென்று சாகும் நோய் என்ற சந்தேகத்தில், செத்த ஆட்டின் குடலை அனுப்பினால் ‘க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் உள்ளது’ என்று ஒரே வரியில் அறிக்கை வருகிறது. அதை வைத்து மந்தைக்கு ஒன்றும் செய்ய முடியாது. இந்தக் கிருமியின் ஏ வகை நல்ல ஆட்டின் குடலிலும் இருக்கும். உயிர் போன சில மணி நேரத்தில் கட்டுக்கடங்காமல் பெருகிவிடும்.

உண்டாக்கும் நச்சுகளை வைத்துப் பிரிக்கும் இக்கிருமியின் வகைகள் 2018-இல் ஏ முதல் ஜி வரை ஏழாயின. செம்மறியில் முதலில் பார்க்க வேண்டியவை பி, சி, டி. ஆல்ஃபா நச்சு மரபணு எல்லா வகையிலும் உண்டு. அதோடு எப்சிலான் நச்சின் மரபணு சேர்ந்தால் டி, பீட்டா நச்சின் மரபணு சேர்ந்தால் சி, இரண்டும் சேர்ந்தால் பி. டி என்றால் மந்தைக்கு டி வகைத் தடுப்பூசி போட்டு, தானியத் தீவனத்தைக் குறைக்க வேண்டும். பிறந்த சில நாளில் குட்டிகள் சாகும் பி, சி வகைகளில் சினை ஆட்டுக்கு ஈனுவதற்கு முன்பே ஊசி போட்டாக வேண்டும்.

இந்த மரபணுக்களைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் சோதனையில் தவறு நுழையும் இடங்கள் தெரிந்தவைதான். பரவலாகப் பயன்படும் ப்ரைமர்களில் (பெருக்க வேண்டிய பகுதியைக் குறிக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) கிடைக்கும் துண்டின் நீளம் ஆல்ஃபா 324, பீட்டா 196, எப்சிலான் 655 பேஸ் ஜோடி. எல்லாவற்றையும் ஒரே குழாயில் போடும்போது நீளமான 655-தான் முதலில் மங்கும். டிஎன்ஏ சிதைந்திருந்தால் டி வகை ஏ போலவும், பி வகை சி போலவும் தெரியும். ஆகவே எப்சிலான் வரவில்லை என்றால் அதைத் தனிக்குழாயில் ஒருமுறை ஓட்டுங்கள். எல்லா வகையிலும் வர வேண்டிய ஆல்ஃபா பட்டையே இல்லாவிட்டால் அந்தச் சோதனை ஓட்டம் செல்லாது.

எப்சிலான், பீட்டா மரபணுக்கள் பிளாஸ்மிடில், அதாவது கிருமியின் முக்கிய டிஎன்ஏவுக்கு வெளியே உள்ள சிறு டிஎன்ஏவில் இருப்பவை. கிருமியை ஆய்வகத்தில் திரும்பத் திரும்ப வளர்த்தால் தொலைந்துபோகலாம். கிருமியை வளர்க்கும் முதல் இரத்த அகார் தட்டிலிருந்தே, சுற்றிலும் இரத்தம் சிதைந்த இரட்டை வளையம் காட்டும் ஐந்து காலனிகளையாவது (கிருமித் திட்டுகள்) எடுத்துச் சோதியுங்கள். ஒற்றைக் காலனியை நம்பி ஏ என்று எழுதுவது எங்கள் கருத்தில் பொறுப்பற்ற வேலை.

எப்சிலான் மரபணு கிடைத்தாலும் அது மட்டும் துள்ளுமாரிக்குச் சான்றாகாது. நோயில்லாத ஆடும் டி வகையைச் சுமக்கலாம். குடல் நீரில் எப்சிலான் நச்சே இருக்கிறதா என்று, நச்சை எதிர்ப்பொருளால் கண்டறியும் எலைசா சோதனையில் பாருங்கள். செத்த சில மணி நேரத்துக்குள், சிறுகுடலின் கடைசிப் பகுதியை இருபுறமும் கட்டி, பனிக்கட்டியில் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். மூளையை 10 சதவீத ஃபார்மலினில் தனியாகக் கேளுங்கள். அதில் இரத்தக் குழாய்களைச் சுற்றிய புரத நீர்க்கசிவு டி வகைக்கு வலுவான அடையாளம்.

உங்கள் அறிக்கைப் படிவத்தில் நான்கு கட்டங்களைச் சேர்க்கக் கோருகிறோம்: செத்ததற்கும் மாதிரி எடுத்ததற்கும் இடைப்பட்ட நேரம், சோதித்த காலனிகள் எத்தனை, நச்சு வகை, எலைசா முடிவு. எலைசா செய்யவில்லை என்றால் ‘செய்யவில்லை’ என்றே எழுதுங்கள். வெற்றிடமாக விட்டால் நச்சு இல்லை என்று படித்துவிடுகிறார்கள்.

இப்படிக்கு,
களத்தில் பணிபுரியும் கால்நடை மருத்துவர்கள்