நூலிழையில் யாரும் உயிர் தப்பல சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் மீனம்பாக்கம் ஏர்போர்ட்ல 11 வருஷமா விமானத்தோட எலெக்ட்ரிக்கல், ஏவியானிக்ஸ் (எலெக்ட்ரானிக்ஸ் கருவிங்க) வேலை பாக்குற டெக்னீஷியன். உங்க பேப்பரை எங்க வீட்ல அப்பா காலத்துல இருந்து வாங்குறோம், அந்த உரிமைல தான் எழுதுறேன். ஏதாவது ஒரு விமானம் கிளம்பி பாதில திரும்பி வந்துட்டா மறுநாள் உங்க பேப்பர்ல மட்டும் இல்ல, எல்லா பேப்பர்லயும் ஒரே தலைப்பு தான் வருது. 'நடுவானில் தொழில்நுட்பக் கோளாறு, நூலிழையில் உயிர் தப்பிய பயணிகள்'. கீழ 'விமானியின் சாமர்த்தியத்தால் பெரும் விபத்து தவிர்க்கப்பட்டது'ன்னு ஒரு வரி. என்ன கோளாறு, எவ்ளோ பெருசு, எதுனால வந்துச்சு, எப்படி சரி பண்ணாங்க, அதெல்லாம் எங்கயும் இருக்காது.

போன மழை சீசன்ல ஒருநாள் நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து படுத்தேன், சங்கரன்கோவில்ல இருந்து அம்மா போன். "ஏய்யா, பேப்பர்ல போட்ருக்கான், நீ பாத்த பிளேனா அது?" குரல்லயே நடுக்கம் தெரியுது. ஆமா, அது நான் பாத்த பிளேன் தான். அதனால என்ன நடந்துச்சுன்னு எனக்கு தெரியும், சொல்றேன்.

கிளம்புன கொஞ்ச நேரத்துல, சக்கரம் உள்ள மடங்கி லாக் ஆச்சா இல்லையான்னு காக்பிட்டுக்கு வர்ற சிக்னல்ல குழப்பம். அந்த வேலைக்கு ரெண்டு கம்ப்யூட்டர் இருக்கு, ஒன்னு லாக் ஆயிடுச்சுங்குது, இன்னொன்னு தெரியலங்குது. பைலட் அவரோட செக்லிஸ்ட்ல என்ன சொல்லிருக்கோ அதை செஞ்சாரு, சக்கரத்தை இறக்குனாரு, அது சரியா லாக் ஆச்சுங்குறதுக்கு மூணு பச்சை லைட்டும் வந்துச்சு, திரும்பி வந்து எப்பவும் போல இறங்குனாரு. அவ்ளோதான் சார் வானத்துல நடந்தது.

எங்களுக்கு வேலை அதுக்கு அப்புறம் தான். பிளேன் நிறுத்துற இடத்துல வந்து நிக்குது, டெக் லாக்னு சொல்ற பதிவேட்டுல ஸ்நாக், அதாவது பழுது, எழுதியாச்சு. முதல்ல லேண்டிங் கியர்ல லாக் பின் குத்தணும், சிவப்பு ரிப்பன் தொங்கிட்டு இருக்குமே அது தான், அதை குத்தாம ஒருத்தனும் வீல் வெல்லுக்குள்ள, அதாவது சக்கரம் மடங்குற குழிக்குள்ள, தலையை விடக்கூடாது. உள்ள பிரேக் சூடு இறங்கிருக்காது, ஹைட்ராலிக் ஆயில் வாடை, அந்த ஆயில் ஒரு சொட்டு கண்ணுல பட்டா எரிச்சல் உயிர் போகும். டெஸ்ட் ஓட்டி பாத்தா சென்சார் போச்சுன்னு காட்டுது. ப்ராக்ஸிமிட்டி சென்சார், கட்டைவிரல் அளவு தான் இருக்கும், எதிர்ல இருக்குற இரும்புத் துண்டு பக்கத்துல வந்துச்சான்னு பாத்து சொல்லும். சென்சாரை மாத்துனோம். மறுபடி அதே ஃபால்ட். இந்த மாதிரி நேரத்துல கம்ப்யூட்டரையும் சேத்து மாத்தி விட்ருவோமான்னு கை பரபரக்கும், மணி ஆகிட்டே இருக்குல்ல. எங்க சீனியர் ஏஎம்இ (விமானப் பராமரிப்பு இன்ஜினியர்) அண்ணன் தான் சொன்னாரு, "தம்பி, பாக்ஸ் மேல பழி போடாத, வயரை பாரு".

மீட்டர் வச்சு பாத்தா கண்டினியூட்டி சரியா தான் இருக்கு, வயர் எங்கயும் அறுபடல. ஹார்னஸை, அதாவது வயர்க் கட்டை, கையில பிடிச்சு லேசா அசைச்சேன், ரீடிங் குதிக்குது. விட்டா நிக்குது, அசைச்சா குதிக்குது. கனெக்டரை கழட்டி டார்ச் அடிச்சா ஒரே ஒரு பின்னோட அடியில பச்சை பூத்திருக்கு. பித்தளை குடத்தை புளி போட்டு தேய்க்காம விட்டா விளிம்புல களிம்பு ஏறும்ல, அதே பச்சை. கடுகுல பாதி கூட இல்ல. பின்னாடி இருக்குற ரப்பர் சீல்ல பொடி கீறல், அது வழியா மழைக்கால ரன்வே தண்ணி கொஞ்சம் கொஞ்சமா இறங்கிருக்கு. நம்ம ஊர் கடல் காத்து வேற, கனெக்டருக்கு இதை விட எதிரி கிடையாது.

அந்த ஒரு பின்னை மாத்த எவ்ளோ நேரம் ஆகும்னு நினைக்கிறீங்க. பழசை உருவ தனி டூல், புது பின்னை வயரோட சேத்து நெருக்கி கிரிம்ப் பண்ண தனி டூல், அந்த டூலோட கேலிப்ரேஷன் தேதி தாண்டிருக்கக் கூடாது, கிரிம்ப் பண்ணி இழுத்து பாக்கணும், உள்ள தள்ளுறப்ப டிக்னு உக்காரும், அது காதுல கேக்காது, விரல்ல தான் தெரியும். அப்புறம் சீல் மாத்தி, மெயின்டெனன்ஸ் மேனுவல்ல இருக்குற டெஸ்ட் ஒவ்வொன்னா ஓட்டி, கொண்டு போன டூல் அத்தனையும் எண்ணி பெட்டியில வச்சு, ஒரு ஸ்பேனர் குறைஞ்சா கூட பிளேன் நகராது, கடைசியில லைசென்ஸ் இருக்குற ஏஎம்இ கையெழுத்து போட்டாரு. அப்ப மணி 4.40. பேப்பர் அச்சாகி பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருக்கும்.

இதுல யாரு சார் நூலிழையில தப்புனாங்க? ஏ320 விமானத்துல வேகம் அளக்குற பிட்டாட் குழாய் 3, அந்த தகவலை கணக்கு போடுற ஏடிஐஆர்யூங்குற கம்ப்யூட்டர் 3. கரண்டுக்கு இஞ்சினுக்கு ஒன்னுன்னு 2 ஜெனரேட்டர், அது போக வால்ல இருக்குற ஏபியூங்குற குட்டி இஞ்சின்ல ஒன்னு, அதுவும் போச்சுன்னா காத்துல சுத்துற குட்டி விசிறி வெளிய வந்து எமர்ஜென்சி ஜெனரேட்டரை ஓட்டும், அது போக பேட்டரி. எது பழுதானா பறக்கலாம், எது பழுதானா பறக்கக் கூடாதுன்னு எம்இஎல்னு ஒரு புக்கே இருக்கு, பறக்கலாம்னு விட்டதையும் சிலதை 3 நாள்ல, சிலதை 10 நாள்ல, சிலதை 120 நாள்ல சரி பண்ணியே ஆகணும். இவ்ளோ அடுக்கு வச்சு கட்டுன ஒன்னுல ஒரு அடுக்கு சந்தேகம் காட்டுச்சு, பைலட் திரும்புனாரு. திரும்பி வர்றது ஒழுங்கா நடந்த வேலை சார்.

அதுக்காக ஆபத்தே கிடையாதுன்னு நான் சொல்லல. 1998 செப்டம்பர்ல நியூயார்க்ல இருந்து ஜெனீவா போன ஸ்விஸ்ஏர் 111, காக்பிட் கூரைக்கு மேல வயர்ல ஆர்க், அதாவது மின்பொறி, அடிச்சு, பக்கத்துல இருந்த இன்சுலேஷன் போர்வை தீப்பிடிச்சு, கனடா கடல்ல விழுந்துச்சு, 229 பேரும் போயிட்டாங்க. பயணிங்க படம் பாக்குற சிஸ்டத்துக்கு போற வயர்ல ஆர்க் அடையாளம் கிடைச்சுச்சு. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி 1996 பிப்ரவரில டொமினிக்கன் ரிபப்ளிக்ல பிர்கன்ஏர் 301, நாள் கணக்குல மூடி போடாம நின்ன பிளேன்ல பிட்டாட் குழாய் அடைச்சுக்கிச்சு, பெரும்பாலும் குளவிக் கூடா தான் இருக்கும்னாங்க, வேகம் தப்பா காட்டி 189 பேர் செத்தாங்க. நம்ம வீட்டு ஜன்னல் ஓரத்துல மண் கூடு கட்டுமே, அந்த மாதிரி குளவி. அதை படிச்ச நாள்ல இருந்து பிட்டாட் கவர் மாட்டுறப்ப ஒருதடவைக்கு ரெண்டு தடவை உள்ள டார்ச் அடிச்சு பாக்குறேன். வெளிய தெரியாத வயரும் யாரும் கவனிக்காத ஓட்டையும் தான் ஆளைக் கொல்லும், ஸ்நாக் எழுதி திரும்பி வந்த பிளேன் இல்ல.

உங்க தலைப்பு எங்க வேலையில எங்க வந்து இடிக்குதுன்னும் சொல்லணும். பேப்பர்லயும் டிவிலயும் பாத்து பாத்து ஜனங்க மனசுல தொழில்நுட்பக் கோளாறுன்னாலே ஓட்டை பிளேன்னு பதிஞ்சிருச்சு. காபி மேக்கர் வேலை செய்யலனாலும் அதே வார்த்தை, இஞ்சின் நின்னாலும் அதே வார்த்தை. ஒருதடவை படிக்கட்டு கிட்ட நின்னு ஒருத்தர் என் முகத்துக்கு நேரா போனை நீட்டி வீடியோ எடுத்துக்கிட்டே "இவனுங்க தான் பாருங்க, ஓட்டை பிளேனை ஓட்டுறானுங்க"ன்னாரு. அப்ப என் கையில கழட்டுன கனெக்டர் இருந்துச்சு, அந்தப் பக்கம் மேனேஜர் பத்து நிமிஷத்துக்கு ஒருக்க "இன்னும் எவ்ளோ நேரம்"ங்குறாரு. அந்த நேரத்துல கை நடுங்காம பின்னை சரியான ஓட்டையில தள்ளணும் சார். அந்த பயணி மேல எனக்கு கோபம் இல்ல, யாரும் அவர்கிட்ட எதையும் எடுத்து சொல்லல. ஆனா லேட் ஆனா திட்டுவாங்க, திரும்பி வந்தா தலைப்பு வரும்னு பயந்து எங்கயாவது ஒருத்தன் சென்சாரை மட்டும் மாத்திட்டு வயரை பாக்காம விட்டான்னு வைங்க. எனக்கு அது தான் பயம்.

இந்த வேலைக்கு வர்ற பசங்களும் அந்த தலைப்பை தான் படிக்கிறாங்க. ஏவியானிக்ஸ் ஏஎம்இ ஆக வேண்டிய பி2 லைசென்ஸுக்கு ஒவ்வொரு பேப்பர்லயும் 75 சதவீதம் எடுத்தா தான் பாஸ், பாதி ராத்திரி மழையில நின்னு கத்துக்குறாங்க, வீட்ல என்ன வேலைன்னு கேட்டா ரிப்பேர் பாக்குறேன்னு சொல்லிட்டு நிறுத்திக்குறாங்க.

அதனால ஒரே ஒரு வேண்டுகோள். விமானம் திரும்பி வந்துச்சுன்னா தாராளமா போடுங்க, எத்தனை மணிக்கு கிளம்புச்சு, எத்தனை மணிக்கு இறங்குச்சு, பயணிங்களுக்கு சாப்பாடு குடுத்தாங்களா இல்லையா, எல்லாம் போடுங்க. யாருக்கும் உயிருக்கு ஆபத்து வரலன்னா உயிர் தப்பினர்ங்குற வார்த்தையை மட்டும் எடுத்துடுங்க. மறுநாளோ ரெண்டு நாள் கழிச்சோ உங்க நிருபரை ஏர்லைன்ஸுக்கு ஒரு போன் போட சொல்லி என்ன பழுது, எதை மாத்துனாங்கன்னு கேட்டு உள்பக்கத்துல நாலு வரி போடுங்க. எங்க பேர் வேண்டாம். ஒரு கனெக்டர் பின்ல களிம்பு ஏறிருந்துச்சு, மாத்திட்டாங்கன்னு இருந்தா போதும், அந்தப் பக்கத்தை வெட்டி அம்மாவுக்கு நானே அனுப்பிக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு ஏவியானிக்ஸ் டெக்னீஷியன்,
பல்லாவரம், சென்னை.