சாளைக்கு நெய் பிடிக்கும் காலம்

குளச்சல்,
ஐப்பசி 20

மக்களே,

புனேயில் ஐஸ் மத்தி வாங்கிக் குழம்பு வைத்தேன், வீட்டு ருசி வரவில்லை என்று போனில் சொன்னாயே. கைப்பக்குவம் போதாது என்று நினைக்கிறாய். அப்படி இல்லை, ருசி மீனிலிருக்கும் நெய்யில் இருக்கிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

நமக்குச் சாளை, கேரளத்தில் வடக்கே போகப்போக மத்தி. மீன் ஒன்றுதான். ஆனால் ஆடிச் சாளையும் கார்த்திகைச் சாளையும் ஒன்றல்ல. கடல் கொந்தளிக்கிற மழைக்காலத்தில்தான் அது முட்டையிடும். உடம்பிலுள்ள கொழுப்பு சினைக்கே போய்விடும். அதே காலத்தில் அடியிலிருக்கும் குளிர்ந்த நீர் மேலே வரும், கண்ணுக்குத் தெரியாத பாசி பெருகும். சாளைக்கு அதுதான் சோறு. தின்று தின்று, ஐப்பசி கார்த்திகையில் தோலுக்கடியில் நெய் கட்டிவிடும். அப்போது பொரித்தால் ஊற்றிய எண்ணெயைவிட மிஞ்சும். அப்பா வள்ளத்துக்குப் பூசச் சாளை எண்ணெய் காய்ச்சுவார், நீ மூக்கைப் பிடித்துக்கொண்டு பாட்டி வீட்டுக்கு ஓடுவாய். ஞாபகம் இருக்கிறதா?

நடுவில் சில வருடம் சாளையே இல்லை. 2021இல் கேரளம் முழுவதும் சேர்த்தே 3,300 டன் தேறவில்லை என்று பேப்பரில் வந்தது. அப்பா வெறும் வலையோடு வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்ததை நான் உன்னிடம் சொல்லவில்லை. உனக்குப் பரீட்சை நேரம்.

இப்போது மீன் திரும்பி வந்திருக்கிறது. ஆனாலும் விரல் நீளக் குஞ்சை அள்ளி வருவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. கேரளத்தில் 10 செ.மீ.க்குக் குறைந்த சாளையைப் பிடிக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அதன் ஆயுசே இரண்டரை வருடம், ஒரு தடவையாவது முட்டையிட வேண்டாமா? நீயும் சின்னதாகக் கண்டால் வாங்காதே.

சரி, ஐஸ் மீனுக்கு இப்படிச் செய். தேங்காயோடு சின்ன உள்ளியும் நாலு நல்லமிளகும் கூடுதலாக வைத்து அரை. மாங்காய் கிடைத்தால் புளி வேண்டாம். குழம்பு கொதித்த பிறகு மீனைப் போடு. கரண்டி விடாதே, சட்டியைப் பிடித்துச் சுற்றி ஆட்டு. இறக்கியதும் பச்சைத் தேங்காய் எண்ணெய் ஒரு கரண்டி ஊற்று. மீனில் இல்லாத நெய்க்கு அதுதான் ஈடு.

மூன்று வருடமாக மே மாதத்தில்தான் வருகிறாய். அப்போது சாளையில் இவ்வளவு நெய் இருக்காது. இந்தத் தடவை கிறிஸ்துமஸுக்கு லீவு கேட்டுப் பார், மக்களே. பின்பக்கம் நிற்கிற மரச்சீனிக் கிழங்குச் செடியில் இரண்டைப் பிடுங்காமல் வைத்திருக்கிறேன்.

அம்மா