ரசீதில் அந்த ஒரு வரி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் ஆறு ஆண்டுகள் பொருளாளராக இருந்தவன் நான். இதே மண்ணைச் சேர்ந்த, அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன், தோட்டத் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் (ரிங்கிட்) சேர்த்துத் தோட்டங்களையே வாங்கிக் காட்டியவர். கொடுக்கும் மனம் எங்கள் மக்களுக்கு என்றும் குறைந்ததில்லை. குறை, வாங்கிக்கொள்ளும் எங்களிடம்தான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் முன்னாள் மாணவர் ஒருவர் பள்ளி மண்டபக் கூரைக்கு 3,000 வெள்ளி கொடுத்தார். பினாங்கில் தொழிற்சாலை வேலை. அவருடைய அம்மா, எங்கள் தோட்டம் ரப்பராக இருந்தபோது அங்கே பால் வெட்டியவர். கார்பன் தாள் வைத்து நானே ரசீது எழுதினேன். ஊதா மையில் சங்க முத்திரை, அதன்மேல் என் கையெழுத்து. ஏப்ரலில் வரிப் பாரம் நிரப்பும்போது அழைத்தார். “அண்ணே, வரிக் கழிவுக்கான 44(6) என்று ரசீதில் எங்கேயும் இல்லையே?” எனக்குப் பதில் தெரியவில்லை. கூனிக்குறுகிப் போனேன்.

பிறகுதான் விசாரித்தேன். 1967 வருமான வரிச் சட்டத்தின் 44(6) உட்பிரிவின்கீழ் ஒப்புதல் பெற்ற அமைப்புக்குப் பணமாகக் கொடுத்தால் மட்டுமே கழிவு உண்டு. ஒப்புதல் எண் ரசீதில் இருக்க வேண்டும். பணம் கொடுத்த நாளில் அது நடப்பிலும் இருக்க வேண்டும். தனிநபருக்கு மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை உச்சவரம்பு. கூரைத் தகடும் நாற்காலியும் வாங்கித் தந்தால் இந்தக் கணக்கில் சேராது. ரசீதை ஏழு ஆண்டுகள் பத்திரப்படுத்த வேண்டும்.

பலர் தப்பாக நினைப்பது ஒன்று உண்டு. 3,000 கொடுத்தால் வரியில் 3,000 குறையாது. வரி விதிக்கப்படும் வருமானம்தான் குறையும். 11 விழுக்காட்டுப் படியில் இருப்பவருக்கு 330 வெள்ளி மிஞ்சும். சின்னத் தொகை என்று தள்ளிவிட முடியாது, ஒரு பிள்ளையின் பள்ளிச் சீருடைக்கும் காலணிக்கும் ஆகும். வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இல்லாத தோட்டப் பெற்றோருக்கு இதில் பயன் கிடையாது. ஆனால் ஊரைவிட்டுப் போய் முன்னேறிய பிள்ளைகள் தாராளமாகக் கொடுக்க இது ஒரு தூண்டுகோல்.

நூலகங்களுக்கென்று 44(8) என்ற தனிப்பிரிவும் இருக்கிறது, பள்ளி நூலகமும் அதில் அடங்கும். தனிநபருக்கு 20,000 வெள்ளி வரை கழிவு. எங்கள் கூட்டங்களில் இதை யாரும் சொல்லி நான் கேட்டதே இல்லை.

வருமான வரி வாரியமும் மாவட்டக் கல்வி இலாகாவும் தோட்டப் பள்ளிச் சங்கங்களை ஒருநாள் உட்காரவைத்துத் தமிழில் விளக்கட்டும். 44(6) ஒப்புதலுக்கான விண்ணப்பத்தை நிரப்பக் கைகொடுக்கட்டும். எங்கள் சங்கத்தின் விண்ணப்பம் கோப்பிலேயே பாதியில் நிற்கிறது. பொருளாளர் மாறும்போதெல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

அந்த முன்னாள் மாணவர் இந்த ஆண்டும் 500 வெள்ளி அனுப்பியிருக்கிறார். “ரசீது வேண்டாம் அண்ணே” என்று சொல்லிவிட்டார். அவர் கையில் 44(6) அச்சிட்ட ரசீது ஒன்றை நான் கொடுத்தே ஆக வேண்டும்.

முன்னாள் பொருளாளர்,
சுங்கை சிப்புட், பேராக்