வலுப்பயிற்சி வகுப்பு குறித்துப் பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கும், பெற்றோர் இடத்தில் இருந்து பிள்ளைகளை வளர்க்கும் தாத்தா, ஆச்சிமார்களுக்கும் வணக்கம்.

காலாண்டு விடுமுறை முடிந்ததும் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் மாணவ மாணவியருக்கு, சிறு எடைகளைக் கொண்டும் தன் உடல் எடையைக் கொண்டும் தசையை வலுவாக்கும் வலுப்பயிற்சி தொடங்க இருக்கிறோம் என்று சென்ற பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் நான் அறிவித்தபோது எழுந்த முணுமுணுப்பு மேடை வரை கேட்டது. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் ஆச்சி எழுந்து, "வளருத புள்ளயப் பாரம் தூக்க வச்சா அமுங்கிப் போவாதா, சார்வாள்?" என்று கேட்டார். கூட்டம் முடியும் நேரமாகிவிட்டதால் அவருக்கு அன்று அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். மீதிப் பதிலை இக்கடிதத்தில் எழுதுகிறேன்.

ஆச்சியின் அச்சம் ஆதாரமே இல்லாத அச்சம் அன்று. வளரும் பிள்ளைகளின் நீண்ட எலும்புகளில், முனைக்கு அருகே வளர்ச்சித் தட்டு என்னும் குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கேதான். பருவ வளர்ச்சி முடியும்போது அது இறுகி எலும்பாகிவிடும்; அதுவரை மற்ற எலும்பைவிட மென்மையாக இருக்கும் என்பதால், அதில் பலத்த அடிபட்டால் அந்த எலும்பின் வளர்ச்சி பாதிக்கப்படலாம். ஆனால், அத்தகைய அடி பெரும்பாலும் சைக்கிளிலிருந்தோ மரத்திலிருந்தோ விழும்போதும், விளையாட்டில் மோதிக்கொள்ளும்போதும்தான் படுகிறது. எடைப் பயிற்சியில் அது நேர்ந்த இடங்களைப் பார்த்தால், சொல்லித்தர ஆள் இல்லாமல், தாங்க முடிந்த உச்ச எடையைத் தலைக்கு மேல் தூக்க முயன்ற நிகழ்வுகளாகவே அவை இருக்கின்றன. முறையாகக் கற்று, பெரியவர் கண்பார்வையில், அளவான எடையோடு பயிற்சி செய்த பிள்ளைகளின் உயரம் அதனால் குறைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களின் கழகம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையும் இதையே சொல்கிறது. 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் உடலை இயக்குவதோடு, தசையையும் எலும்பையும் வலுவாக்கும் செயல்களை வாரத்தில் மூன்று நாளாவது செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் அதே ஆண்டில் வழிகாட்டியது. இரண்டு கிலோ எடையைக் கண்டு அஞ்சுகிற நாம், அதைவிடக் கனமான புத்தகப் பையைத் தினமும் பிள்ளையின் முதுகில் ஏற்றி அனுப்புகிறோம் என்பதையும், திண்ணையிலிருந்து குதிக்கும் பிள்ளையின் கால்கள் தன் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசையைத் தாங்குகின்றன என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன்.

தொலைக்காட்சியில் வரும் பளுதூக்கும் வீரர்கள் எல்லாரும் குள்ளமாகத்தானே இருக்கிறார்கள் என்று ஒரு தந்தை கேட்டார். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் பளுதூக்குதலில் வெள்ளி வென்ற மீராபாய் சானு 49 கிலோ பிரிவில் போட்டியிட்டவர். எடைப் பிரிவு வைத்து நடக்கும் விளையாட்டில், ஒரே எடை கொண்ட இருவரில் உயரம் குறைந்தவருக்குத் தூக்குவது எளிது. ஆகவே அத்தகைய உடல்வாகு உள்ளவர்களே அதில் முன்னேறுகிறார்கள். கூடைப்பந்து ஆடியதால் ஒருவர் நெட்டையாகிவிடவில்லை என்பதைப் போலத்தான் இதுவும்.

வலுப்பயிற்சி என்ற சொல் புதிதாக இருக்கலாம். செயல் நமக்குப் புதிதன்று. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை ஆகியவை நம் பாட்டன்மார் செய்தவை. பணகுடிப் பக்கம் வடலிவிளையில் பொங்கலையொட்டி இளவட்டக்கல் தூக்கும் போட்டி இன்றும் நடக்கிறது, பெண்களும் கலந்துகொள்கிறார்கள். எங்கள் ஊரிலும் கோயில் முன்னால் அப்படி ஒரு கல் கிடந்தது. பதினான்கு வயதில், கூட்டாளிகளிடம் பந்தயம் கட்டி, யாரும் இல்லாத மத்தியான வேளையில் நான் அதைத் தூக்கப் போனேன். கல் முழங்கால் வரை வந்தது; அதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டு பத்து நாள் பாயில் கிடந்தேன். என் தாத்தா திட்டவில்லை. "ஏலே, கல்லு எங்கயும் ஓடியா போவப் போவுது?" என்று மட்டும் கேட்டுவிட்டு, நான் எழுந்து நடமாடத் தொடங்கியதும் கிணற்றடியில் அரைக்குடம் தண்ணீர் தூக்குவதிலிருந்து ஆரம்பித்து, முதுகை வளைக்காமல் தொடையால் எழுவது எப்படி என்று ஒரு வருடம் பழக்கினார். இன்று மருத்துவர்கள் சொல்லும் முறை ஏறக்குறைய அதுதான்: முதலில் எடையே இல்லாமல் அசைவைக் கற்க வேண்டும், அசைவு பிசகாமல் வந்த பின்னரே சிறிது எடை சேர்க்க வேண்டும், உச்ச எடை எவ்வளவு என்று சோதித்துப் பார்க்கும் ஆசையை ஒத்திவைக்க வேண்டும்.

இதனால் என்ன பயன் என்று கேட்கிறவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பருவமடையாத பிள்ளைக்குப் பயிற்சியால் புஜம் திரளாது. அந்த வயதில் கூடும் வலு, மூளையும் நரம்பும் இருக்கிற தசை நார்களை ஒருசேர வேலை வாங்கக் கற்றுக்கொள்வதால் வருவது. எனவே மூன்று மாதம் கழித்து மகனின் கையை அளந்து பார்த்து ஏமாற வேண்டாம். அவன் கீழே விழாமல் திரும்புவதையும், முதுகு நிமிர்ந்து உட்காருவதையும் பாருங்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வயதுக்கு வந்த பெண்ணுக்குக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு உளுந்தங்களி கிண்டிக் கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். இடுப்பெலும்பு பலப்பட என்பார்கள். ஒரு மனிதரின் எலும்பில் சேரும் கனிமச் சத்தின் பெரும்பகுதி இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது என்று இன்றைய மருத்துவம் சொல்வதால், அந்த வயதைப் பார்த்து ஊட்டியது சரிதான். ஆனால் எலும்பு, சாப்பாட்டால் மட்டும் இறுகுவதில்லை. அதன்மேல் பாரமும் இறங்க வேண்டும். அந்த வயதில்தான் நாம் பெண்ணை ஓடாதே, குதிக்காதே என்று உட்கார வைக்கிறோம். மடியில் சுளகை வைத்துக் குனிந்தபடி பீடி சுற்றிச் சுற்றிக் கழுத்தும் முதுகும் வலியாகிப்போன தாய்மார்கள் நம் பெற்றோரில் பலர் இருக்கிறீர்கள். நிமிர்த்திப் பிடிக்கும் முதுகுத் தசையின் அருமை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கபடியும் கோகோவும் ஆடும் மாணவியருக்குக் குதித்து இறங்கும்போது முழங்கால் மூட்டின் எலும்புகளைப் பிணைக்கும் நார் அறுந்துபோகும் ஆபத்து ஆண்களைவிடக் கூடுதல். தொடையையும் இடுப்பையும் வலுவாக்கி, சரியாக இறங்கக் கற்றுத்தந்தால் அது குறைகிறது. பெண்ணுக்கு ஆண்பிள்ளை உடம்பு வந்துவிடுமோ என்ற கவலை வேண்டாம். இந்தப் பயிற்சியால் அப்படி ஆகாது. மாணவியர் வகுப்பை உடற்கல்வி ஆசிரியையே நடத்துவார். மாதவிடாய் நாள்களில் பயிற்சி செய்வதும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதும் பிள்ளையின் விருப்பம்; யாரும் காரணம் கேட்கமாட்டார்கள்.

உடல் பருத்த பிள்ளைகளையும் மனதில் வைத்தே இதைத் தொடங்குகிறோம். ஓட்டப்பந்தயத்தில் எப்போதும் கடைசியாக வந்து, மைதானத்தையே வெறுத்துவிட்ட பிள்ளை, எடை தூக்குவதில் பெரும்பாலும் முதல் வரிசையில் நிற்பான்.

வகுப்பு செவ்வாய், வெள்ளி ஆகிய இரு நாள்களிலும் கடைசிப் பாடவேளையில் நடக்கும் என்பதால் யாரும் ஊர்ப் பேருந்தைத் தவறவிட வேண்டியிருக்காது. ஒரு வேளையில் 20 பேருக்கு மேல் சேர்க்கமாட்டோம். பத்து நிமிடம் உடலைச் சூடாக்கிய பிறகு, முதல் ஆறு வாரமும் தண்டால், பஸ்கி, பாரில் தொங்குதல் போன்றவை மட்டுமே; அதன் பிறகு ஒன்று முதல் மூன்று கிலோ வரையுள்ள எடைகள், சிறு கர்லாக்கட்டைகள், ரப்பர் பட்டைகள் ஆகியவற்றைக் கொடுப்போம். மூச்சை அடக்காமல் 10 முதல் 15 முறை சீராகச் செய்ய முடிகிற எடைதான் ஒரு பிள்ளைக்குரிய எடை. மறுநாள் தொடையிலோ தோளிலோ லேசான தசை வலி இருப்பது இயல்பு, இரண்டு மூன்று நாளில் போய்விடும். மூட்டில் சுருக்கென்று குத்தினாலோ வீங்கினாலோ எண்ணெய் போட்டு உருவாமல் மருத்துவரிடம் காட்டிவிட்டு எங்களுக்கும் தெரிவியுங்கள். இதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம், வலிப்பு ஆகியவை உள்ள பிள்ளைகளும், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பிள்ளைகளும் மருத்துவரின் எழுத்துபூர்வ ஒப்புதலுக்குப் பிறகே சேர்க்கப்படுவார்கள். இதை மறைக்க வேண்டாம். தகவல் என் மேசையைத் தாண்டாது.

மேல்நிலை வகுப்பு மாணவர் சிலர் மாலையில் டவுனுக்குப் போய் ஜிம்மில் சேர்ந்திருப்பதும், டப்பாவில் வரும் புரோட்டீன் பவுடர் வாங்கப் பணம் சேர்ப்பதும் எனக்குத் தெரியும். ஜிம்முக்குப் போவதை நான் தடுக்கவில்லை. பக்கத்தில் நின்று திருத்தும் பெரியவர் இருக்கிறாரா என்பதை ஒருமுறை நீங்களே நேரில் போய்ப் பாருங்கள். பவுடர் தேவையில்லை. முட்டை, மீன், சிறுபயறு, கொண்டைக்கடலைச் சுண்டல், தயிர் ஆகியவை இந்த வயதுக்குப் போதும். சீக்கிரம் உடம்பு ஏறும் என்று யாராவது மாத்திரையோ ஊசியோ நீட்டினால் அது தசையைப் பெருக்கும் ஹார்மோன் மருந்தான ஸ்டீராய்டாக இருக்கக்கூடும். வளர்ச்சித் தட்டைக் காலத்துக்கு முன்பே மூடி உயரத்தை நிறுத்திவிடும் ஆற்றல் உண்மையில் அதற்குத்தான் உண்டு. ஆச்சி அஞ்ச வேண்டியது அந்த ஊசியைக் கண்டுதான்.

பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பெற்றோர்கள் படிப்பு கெடுமே என்பார்கள். கணக்கு வாத்தியாராக இருந்த பதினோரு ஆண்டும், தேர்வு நெருங்கும்போதெல்லாம் விளையாட்டுப் பாடவேளையைக் கேட்டு வாங்கிக் கணக்குப் போட வைத்தவன் நான். களைத்துப் போன பிள்ளைகளிடம் அந்த நாற்பது நிமிடத்தில் நான் பெரிதாக எதையும் சாதித்ததாக நினைவில்லை. இந்த இரண்டு பாடவேளைகளை இனி எந்த ஆசிரியருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று எழுத்தில் ஆணையிட்டிருக்கிறேன்.

இத்துடன் உள்ள ஒப்புதல் படிவத்தை நிரப்பி, கையொப்பமிட்டு, விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்ப வேண்டுகிறேன். விருப்பமில்லாதவர்கள் அதையும் படிவத்திலேயே குறித்துவிடலாம். அதனால் பிள்ளைக்கு எந்தக் குறையும் வராது. முதல் செவ்வாய்க்கிழமை வகுப்பைப் பார்க்கப் பெற்றோர் அனைவரும் வரலாம். கேள்வி கேட்ட ஆச்சிக்கு வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பின்குறிப்பு: ஒவ்வொரு பிள்ளையும் மூடி இறுக்கமாக உள்ள ஒரு லிட்டர் காலி பாட்டில் இரண்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். தண்ணீர் நிரப்பினால் ஒன்று ஒரு கிலோ. ஏழாவது வாரத்துக்கு அது போதும், கடையில் எதுவும் வாங்க வேண்டாம்.